அரசிதழில் அரசி

ஜூன் 3, செவ்வாய்

தையல் கடையை அடைத்துவிட்டு விண்ணப்பத்தை எடுத்து வைத்தேன். எழுதுபொருள் அச்சுத்துறையின் இணையதளத்திலிருந்து ஜெராக்ஸ் கடைத் தம்பி எடுத்துக் கொடுத்தது. பழைய பெயர் என்ற இடத்தில் ‘போதும்பொண்ணு’ என்று எழுதியாயிற்று. புதிய பெயர் என்ற இடம் காலியாகக் கிடக்கிறது.

உசிலம்பட்டிப் பக்கம் என் பேர் அதிசயமில்லை. மூன்றாவதும் பெண், நாலாவதும் பெண் என்றால், இனி அனுப்பாதே என்று சாமிக்குச் சொல்லியனுப்பும் பேர் அது. திருத்தணிப் பக்கம் ‘வேண்டாம்’ என்றே வைக்கிறார்கள். சேதி சாமிக்குத்தான், ஆனால் வங்கியில் கூட்டத்துக்கு நடுவே அதைக் கூவும்போது எழுந்து போகிறவள் நான்.

ஜூன் 8, ஞாயிறு

மகள் போனில் பேர் தேடிக் கொடுத்தாள். தன்விகா, ரித்விகா. தொட்டில் பிள்ளைக்குச் சரி, மூட்டுவலிக்காரிக்கு? பிளவுஸ் வாங்க வந்த டீச்சர் நியூமராலஜி பார்க்கச் சொன்னார். கூட்டுத்தொகை ஐந்து வர வேண்டுமாம். என் பேரில் அடுத்தவர் கணக்கு ஒரு தடவை புகுந்ததே போதும்.

பள்ளிக்கூடத்தில் தமிழய்யா சொன்ன மங்கையர்க்கரசி ஞாபகத்துக்கு வந்தாள். மதுரைப் பாண்டியன் நெடுமாறனின் தேவி, நாயன்மார் அறுபத்துமூவரில் ஒருத்தி. அதை இங்கிலீஷில் எழுதினால் ஆதாரில் ஒரு மாதிரி, பான் கார்டில் வேறு மாதிரி அடித்துவைப்பார்கள். பாதியை விட்டுவிட்டேன். அரசி.

ஜூன் 10, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். “அந்தப் பேரு வச்ச மறுவருசமே உன் தம்பி பொறந்தான்டி. ராசியான பேரு.” ராசி தம்பிக்கு. அம்மா மேல் எனக்கு வருத்தமில்லை. எங்கள் பக்கத்தில் பேர் வைக்கும் வரைகூட விட்டுவைக்காத பெண் பிள்ளைகள் உண்டு. அந்தக் கொடுமைக்காகத்தான் 1992-ல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. என்னை வளர்த்தாள், பத்து வரை படிக்கவும் வைத்தாள். அவள் மட்டும் பழையபடியே கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

மகாராஷ்டிராவில் ‘நகுஷா’ என்று வைப்பார்களாம், வேண்டாதவள் என்று பொருள். 2011 அக்டோபரில் சத்தாரா மாவட்ட நிர்வாகமே விழா எடுத்து, அந்தப் பேர் சுமந்த 285 பெண் பிள்ளைகளுக்குப் புதுப்பேர் சூட்டியிருக்கிறது. ஐஸ்வர்யா என்று தேர்ந்தெடுத்தவர்களும் உண்டு. நல்ல ஆசைதான். நம் ஊரில் மட்டும் அவரவர் தனித்தனியாக நோட்டரியைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

அரசிதழில் வந்துவிட்டது. ஆறாம் பகுதி, நான்காம் பிரிவு. இவள் இனி இன்னார் என்று அறிவிக்கும் பொடி எழுத்து வரிகள். பழைய பேரும் கூடவே இருக்கிறது, அதைத் தவிர்க்க வழியில்லை. அதே பக்கத்தில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். எல்லாம் நியூமராலஜியாக இருக்கும்.

என் மாதிரிப் பேரோடு இருக்கிற அக்கா தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்கிறேன். முதலில் அரசிதழ், அதை வைத்து ஆதார், பிறகு பான், வங்கி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். எழுத்துக் கூட்டலை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆதாரில் பேரை ஆயுளுக்கும் இரண்டு முறைதான் திருத்த விடுவார்கள்.