கீழ் வரிசையில் அம்மா

டென்னிஸ் பந்து மட்டையின் நடுவில் பட்டால் ஒரு சத்தம், ஓரத்தில் பட்டால் வேறு சத்தம். தொலைக்காட்சியில் இது பிடிபடாது, வர்ணனைக்காரர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் கீழ் வரிசையில் உட்கார்ந்தால் அடி சரியாக விழுந்ததா இல்லையா என்பதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும். 2022 செப்டம்பரில் அம்மாவை அங்கே அழைத்துப் போனேன். பத்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருந்தவள் முதலில் சொன்னது இதைத்தான். "கண்ணை மூடிண்டே சொல்லிடலாம் போலிருக்கேடி."

அம்மாவுக்கு அப்போது அறுபத்தொன்பது வயது. ஸ்டெஃபி கிராஃப் காலத்திலிருந்து விம்பிள்டன் பார்ப்பவள். டை-பிரேக் எத்தனை புள்ளி, எப்போது பக்கம் மாறுவார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் அதுவரை ஸ்டேடியத்துக்குள் அவள் கால் வைத்ததில்லை. ஆண்கள் சென்னை ஓபன் 1997-இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் இதே இடத்தில் நடந்தது. அப்பா என்னையும் அண்ணனையும் கூட்டிப்போவார். 1998-இல் பேட்ரிக் ராஃப்டர் கோப்பையைத் தூக்கியதை நாங்கள் மூவரும் பார்த்தோம். அம்மா சப்பாத்தியைச் சுருட்டிப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்று வழியனுப்பினாள். நீயும் வாயேன் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த வருஷம்தான், பள்ளியில் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்த நான் ஆட்டத்தை விட்டேன். ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் சிமெண்ட் தரை, நடுவில் தொய்ந்துபோன வலை. வெயிலில் கறுத்துப்போகிறாள் என்றார்கள், பத்தாம் வகுப்பு வருகிறது என்றார்கள். என் மட்டை பரணுக்குப் போனது. அதே 1998 ஜனவரியில் மெல்போர்னில், கோயம்புத்தூர்ப் பெண் நிருபமா வைத்தியநாதன் ஆஸ்திரேலிய ஓபனில் முதல் சுற்றை வென்றிருந்தார். 1968-க்குப் பிந்தைய ஓபன் காலத்தில், கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதானச் சுற்றில் ஓர் இந்தியப் பெண் வென்றது அதுவே முதல் முறை. எங்கள் பள்ளியில் அதை யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. ராஃப்டரைப் பற்றி மட்டும் ஒரு மாதம் பேசினோம்.

ஆண்கள் போட்டி 2017-க்குப் பிறகு புனேவுக்குப் போய்விட்டது. அப்புறம் நுங்கம்பாக்கத்தில் பெரிய டென்னிஸ் எதுவும் இல்லை. பெண்கள் டென்னிஸ் நிலையோ இன்னும் மோசம். பெங்களூரில் 2008-இல் செரீனா வில்லியம்ஸ் வென்றாரே, அதற்கப்புறம் இந்த நாட்டில் டபிள்யூ.டி.ஏ. தொடரின் முழுநிலைப் போட்டி பதினான்கு ஆண்டுகள் நடக்கவே இல்லை. 2022-இல் அது சென்னைக்கு வந்தபோது, 250 என்ற நிலையில், அதாவது முழுநிலைப் போட்டிகளின் கடைசிப் படியில் வந்தது. அதனால் என்ன? முப்பத்திரண்டு பெண்கள் ஒற்றையர் டிராவில். அவர்களில் பெரும்பாலோர் வாரத்துக்கு ஓர் ஊராகப் போய் ஆடி, அதில் வரும் பணத்திலேயே பயிற்சியாளருக்கும் விமானத்துக்கும் கொடுப்பவர்கள். ஓராண்டுக்கு முன் எடுத்த புள்ளிகள் அந்த வாரம் வந்ததும் கணக்கிலிருந்து கழன்றுவிடும். நின்ற இடத்தில் நிற்பதற்கே ஓட வேண்டிய பிழைப்பு அது. ஒரு தொழிலை நேர்த்தியாகச் செய்பவர்களைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமானால் இந்த நிலைப் போட்டிக்குத்தான் வர வேண்டும்.

முதல் சுற்றில் கர்மன் கௌர் தாண்டி, எட்டாம் நிலை வீராங்கனை குளோயி பாக்கேயை 4-6, 6-4, 6-3 என்று வீழ்த்தினார். கர்மன், அமைப்பாளர்கள் விருப்பப்படி கொடுக்கும் வைல்டு கார்டில் நுழைந்தவர். வெளியூரில் இதே போட்டி நடந்திருந்தால் அவருடைய தரவரிசைக்கு நேரடி வாசல் திறந்திருக்காது. உள்ளூரில் போட்டி நடந்தால் நம் பெண்களுக்குக் கிடைக்கும் முதல் நன்மை இதுதான். வீட்டுச் சாப்பாடும் விசா இல்லாத பயணமும் அதற்கு அடுத்தபடி.

இறுதி ஆட்டத்துக்கு அம்மா பட்டுப் புடவை கட்டிக்கொண்டாள். செப்டம்பர் 18, ஞாயிறு. செக் நாட்டு லிண்டா ஃப்ருவிர்தோவாவுக்குப் பதினேழு வயது. எதிரில் போலந்தின் மாக்தா லினெட், முப்பது. சென்னைப் புழுக்கத்தில் அசையாமல் இருந்தாலே வேர்க்கும். லினெட் முதல் செட்டை 6-4 என்று எடுத்தார், லிண்டா இரண்டாவதை 6-3 என்று எடுத்தார். மூன்றாவதில் லிண்டா 1-4 என்று பின்தங்கினார். ஆட்டம் முடிந்தது என்று நினைத்துப் பின்னால் இரண்டு பேர் எழுந்து போனார்கள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் லிண்டா ஐந்து கேம்களைத் தொடர்ச்சியாக வென்றார்.

ஒவ்வொரு கேமிலும் அம்மாவின் பிடி இறுகியது. கடைசிப் புள்ளி விழுந்தபோது வளையல் அழுந்திய தடம் என் கையில் சிவந்திருந்தது. கூட்டம் முழுக்க எழுந்து நின்று லிண்டாவுக்குக் கை தட்டியது. அம்மா மட்டும் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரிசு மேடை போடும்வரை தோற்றவர் நாற்காலியில் தனியே உட்கார்ந்திருக்க வேண்டுமே, அதை.

"வீட்டுக்குப் போக விடமாட்டாளா அவளை?"

"பரிசு வாங்கணும்மா."

"தோத்ததுக்கப்புறம் இத்தனை பேர் முன்னால உக்காரணும். அதுக்கும் சேத்துப் பழகியிருப்பாளோ?"

அடுத்த ஜனவரியில் அந்த லினெட் ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதி வரை போனார். அம்மா தொலைபேசியில், தன் சொந்தப் பெண் தேறிவிட்ட மாதிரிச் சொன்னாள். பத்திரிகைகள் லிண்டாவின் வயதைப் பற்றி எழுதின. அது சரிதான். ஆனால் சென்னையில் இறுதியில் தோற்ற பிறகு, நான்கே மாதத்தில் அங்கே போய் நின்ற முப்பது வயதுக்காரரைத்தான் நான் அதிகமாக நினைக்கிறேன்.

ஆட்டோவில் திரும்பும்போது அம்மா கேட்டாள், "அடுத்த வருஷம் எப்போடி?" 2023-இல் போட்டி வரவில்லை. 2024-லும் இல்லை. இதில் எனக்கு ஆற்றாமை உண்டு. பத்து வயதில் கம்பிவேலிக்குப் பின்னால் நின்று பார்த்த சிறுமிக்குப் பதினோரு வயதிலும் பன்னிரண்டிலும் அதே வேலி வேண்டாமா? நிருபமாவின் கோயம்புத்தூரிலிருந்தே வந்த மாயா ராஜேஷ்வரன் 2025 பிப்ரவரியில் மும்பையில், தகுதிச் சுற்றிலிருந்து கிளம்பி, 250-க்கும் கீழான 125 நிலைப் போட்டியின் அரையிறுதி வரை போனபோது அவருக்கு வயது பதினைந்து. நாட்டுக்குள்ளேயே வாசல் இருந்ததால் தட்ட முடிந்தது.

பெண்கள் சென்னை ஓபன் 2025 அக்டோபர் கடைசியில் திரும்பி வந்தது, வடகிழக்குப் பருவமழையோடு. முதல் நாட்களில் ஆடியதைவிடக் காத்திருந்ததே அதிகம். அம்மாவால் இப்போது படி ஏற முடிவதில்லை. ஆனாலும் தினம் காலை ஆறரைக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வானத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வாள். நவம்பர் 2, இறுதி ஆட்டத்தன்று, இந்தோனேஷியாவின் ஜானிஸ் ட்ஜென், கிம்பர்லி பிரெலை 6-4, 6-3 என்று வென்றார். நான் ஸ்டேடியத்திலிருந்து வெளியே வருவதற்குள் அம்மாவின் போன் வந்துவிட்டது.

"யார் ஜெயிச்சான்னு தெரியும், டி.வி.ல பாத்தேன். அந்த இன்னொருத்தி, நல்லா இருக்காளா?"