பேசவைக்கும் கருவியே கருவி



வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் தமிழர்கள் கூடும் இடமெல்லாம் இப்போது எழும் கேள்வி ஒன்றுதான்: தமிழ் கற்றுக்கொடுக்க நல்ல செயலி எது? அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சரியான கருவி கையில் கிடைத்துவிட்டால் மொழி பின்னாலேயே வந்துவிடும் என்ற நம்பிக்கை. அதை உரசிப் பார்க்கச் சிங்கப்பூர் மிகப் பொருத்தமான இடம். இங்கே தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. வார இறுதியில் வாடகை அறையில் நடக்கும் வகுப்பாக இல்லாமல், அரசாங்கப் பள்ளியில் பாடவேளைக்குள்ளேயே, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் தாய்மொழிப் பாடமாக அதைக் கற்பிக்கிறார்கள். கருவிகளுக்கும் குறைவில்லை. ஆனாலும், பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகூட வகுப்புக்கு வெளியே தமிழில் வாய்திறக்கத் தயங்குவது இங்கே எல்லாரும் அறிந்த கவலை. மொழி வகுப்பறைக்குள் நுழையும் எந்தக் கருவியையும் ஒரே கேள்வியை வைத்து எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. அது பிள்ளையை இன்னொரு மனிதரோடு கூடுதலாகப் பேசவைக்கிறதா? ஆம் என்றால் வரட்டும். இல்லையென்றால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வாசலிலேயே நிற்கட்டும்.

முதலில் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் 'மாணவர் கற்றல் தளம்' என்ற இணையவழிப் பாடத்தளம் 2018இல் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது. கொரோனாப் பெருந்தொற்றால் 2020 ஏப்ரல் 8ஆம் தேதி நாடே வீட்டிலிருந்து படிக்கத் தொடங்கியபோது தமிழ்ப் பாடமும் திரைக்கு மாறியது. 2021 இறுதிக்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் கருவி என்ற நிலை உருவானது. இன்னொரு பக்கம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில், வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு ஏறியது. இந்தச் சரிவுக்குக் கருவிகள்மீது பழி போடுவது நியாயமில்லை. ஆளுக்கொரு கருவி வந்ததே இந்தக் கணக்கெடுப்புக்குப் பிறகுதான். வேலை, உயர்கல்வி, இனங்களுக்கு இடையேயான பொதுப் பேச்சு எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும் ஊரில் வீடும் மெல்ல அந்தப் பக்கம் சாய்கிறது. ஆனால் இந்த எண்கள் ஆசிரியருக்கு ஒரு செய்தியைச் சொல்கின்றன. பல பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்புதான் நாளில் தமிழ் பேசக் கிடைக்கும் ஒரே இடம். அங்கே செலவாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது.

கருவியைப் பற்றிய பெருநம்பிக்கை புதிதும் அல்ல. 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதும் அதிர்ந்துபோன அமெரிக்கா, மறு ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றி அயல்மொழிக் கல்விக்குப் பணத்தைக் கொட்டியது. பல பள்ளிகளில் மொழி ஆய்வுக்கூடங்கள் எழுந்தன. தடுப்புகளுக்கு நடுவே மாணவர்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒலிநாடாவில் கேட்ட வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 1960களின் பிற்பாதியில் பென்சில்வேனியா மாநிலப் பள்ளிகளில் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வு, அந்தக் கூடங்களால் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் தென்படவில்லை என்ற முடிவுக்கு வந்தது. அந்த இயந்திரம் பழுதில்லாமல்தான் ஓடியது. ஆனால் மாணவன் சொன்னதைக் கேட்டுப் பதில் சொல்ல அதன் மறுமுனையில் ஆள் இல்லை. தவறாகச் சொன்னாலும் சரியாகச் சொன்னாலும் நாடா ஒரே மாதிரி சுழன்றது. ஆள் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரீசியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட சோதனை இன்னும் தெளிவாகக் காட்டியது. ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு அமர்வுகளில் மாண்டரின் மொழி கேட்கக் கொடுத்தார்கள். எதிரே மனிதர் அமர்ந்து விளையாடிப் பேசியபோது, அந்த மொழிக்கே உரிய ஒலிகளைப் பிரித்தறியக் குழந்தைகள் கற்றன. அதே மனிதர்கள், அதே பேச்சு, ஆனால் திரையில் வந்தபோது கற்கவில்லை.

குழந்தையை வைத்துப் பள்ளி மாணவனை அளக்கலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பன்னிரண்டு வயதுப் பிள்ளை காணொளி பார்த்துச் சொற்களைக் கற்கும். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஆய்வுகளின் தொடர்ச்சி நமக்குப் பயன்படுகிறது. 2018இல் வெளியான இன்னொரு சோதனையில், மாண்டரின் காணொளியைத் தொட்டு இயக்கும் திரையில் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். தனியாகப் பார்த்த குழந்தையைவிட, பக்கத்தில் இன்னொரு குழந்தையோடு பார்த்த குழந்தையிடம் ஒலிகளைக் கற்றதற்கான அடையாளம் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு நிலையிலும் திரை ஒன்றே, மாறியது துணை. வகுப்பறைக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது. ஆளுக்கொரு திரை என்பது வாங்கிக் கொடுக்கும் நிர்வாகத்துக்கு வசதி. மொழிப் பாடத்துக்குப் பல நேரங்களில் இருவருக்கு ஒரு திரை போதும். அதில் ஓடுவதைப் பற்றி அந்த இருவரும் பேசியாக வேண்டும் என்ற கட்டாயம்தான் தேவை.

மனிதரோடு பேசவைக்கிறதா என்ற இந்த அளவுகோலை வைத்தால் சில கருவிகள் உடனே தேறிவிடுகின்றன. ஒலிப்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் இருக்கும் வகுப்பில் பாடவேளை அரை மணி நேரம் என்று வைப்போம். ஆசிரியர் பாதி நேரம் பேசினால், எஞ்சியதில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு நிமிடம்கூட இல்லை. இருபது பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம் பதிவுசெய்து, ஆசிரியர் பிறகு கேட்டுக் கருத்துச் சொன்னால், கூச்சப்பட்டுப் பின் வரிசையில் பதுங்கும் பிள்ளையின் குரலும் ஆசிரியர் காதுக்கு எட்டும். கேட்கும் மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பதாலேயே அந்தப் பதிவுக்கு உயிர் வருகிறது. சிங்கப்பூரின் தாய்மொழி வாய்மொழித் தேர்வில் இப்போது மாணவர் ஒரு சிறு காணொளியைப் பார்த்துவிட்டு, தேர்வாளரோடு அதைப் பற்றி உரையாடுகிறார். கருவி பேச்சைத் தொடங்கிவைத்துவிட்டு விலகிக்கொள்கிறது, மதிப்பெண் பேச்சுக்குத்தான். நான் மனமார வரவேற்கும் ஏற்பாடு இது. நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் புதிர்ப்போட்டிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. படித்ததை நினைவிலிருந்து மீட்டுப் பார்க்க அவை உதவும். ஐந்து நிமிடம் போதும். பாடவேளை முழுவதும் அதுவாகிவிட்டால், வகுப்பு கலகலப்பாக இருக்கும், எல்லாரும் கைதட்டுவார்கள், ஆனால் ஒரு முழு வாக்கியம்கூட யார் வாயிலிருந்தும் வந்திருக்காது.

தமிழுக்கே உரிய இரண்டு சிக்கல்களையும் இங்கே சொல்ல வேண்டும். பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் தள்ளித் தள்ளி நிற்கும் மொழி நம்முடையது. வீட்டில் 'வந்துட்டேன்', 'போறாங்க' என்று கேட்கும் பிள்ளை, பாடநூலில் 'வந்துவிட்டேன்', 'போகிறார்கள்' என்று படிக்கிறது. சிங்கப்பூரில் 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. துணிச்சலான, சரியான முடிவு அது. ஆனால் உரையைப் படித்துக் காட்டும் இயந்திரக் குரல்களும், பேச்சை எழுத்தாக்கும் கருவிகளும் பெரும்பாலும் எழுத்துத்தமிழில் ஊறியவை. பிள்ளை இயல்பாகப் பேசினால் தடுமாறி, புத்தகம்போலப் பேசினால் ஏற்றுக்கொள்ளும் கருவி, இயல்பான பேச்சுதான் தவறு என்று கற்பித்துவிடுகிறது. அடுத்தது விசைப்பலகை. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைக்கும் முறையில், திரை காட்டும் பட்டியலிலிருந்து பிள்ளை ஒரு சொல்லைப் பொறுக்கி எடுக்கிறது. லகர, ளகர, ழகரங்களில் எது என்ற முடிவை அது எடுப்பதே இல்லை. தமிழ்99 விசைப்பலகையில் 'க'வையும் 'ஆ'வையும் சேர்த்துத் தட்டினால் 'கா' வருகிறது. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆகும் இலக்கணம் விரல்நுனியில் பதிகிறது. இரண்டுமே தட்டச்சுதான். ஒன்று தமிழை மறக்கவைக்கிறது, மற்றது தமிழைக் கற்பிக்கிறது. எந்த விசைப்பலகை என்ற தேர்வைக் கணினிக்காரரிடம் விடாமல் தமிழாசிரியர் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இனி எதிர்வாதங்களில் வலுவானதற்கு வருகிறேன். மறுமுனையில் ஆள் இல்லாத ஒலிநாடாக் காலம் போய்விட்டது. செயற்கை நுண்ணறிவு இன்று கேட்டதற்குத் தமிழிலேயே பதில் சொல்கிறது, அலுப்பதில்லை, கேலி செய்வதில்லை, நள்ளிரவிலும் விழித்திருக்கிறது. அது ஏன் மனிதருக்கு ஈடாகாது? இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். 'உன் தமிழைக் கேட்டால் சிரிப்பு வருகிறது' என்று உறவினர் சொன்ன ஒற்றை வாக்கியத்தால் தமிழையே கைவிட்ட பிள்ளைகள் நம் சமூகத்தில் ஏராளம். அவர்கள் பயம் தெளியும்வரை பேசிப் பழக இயந்திரம் நல்ல ஒத்திகைக் களம். ஆனால் ஒத்திகை என்பது அரங்கேற்றத்துக்காகத்தான். தமிழில் பேசுவது என்றால் எதிரே இருப்பவர் யார் என்று அறிந்து பேசுவது. அத்தையிடம் ஒரு விதம், தம்பியிடம் ஒரு விதம், முதன்முறை பார்க்கும் பெரியவரிடம் ஒரு விதம். நீ, நீங்கள் என்ற தேர்வே உறவைக் கணித்துச் செய்வது. இயந்திரத்துக்கு வயதில்லை, முறையில்லை, மனம் புண்படுவதும் இல்லை. அதனிடம் எப்படிப் பேசினாலும் செல்லும். மேலும், ஆங்கிலத்தில் கேட்டாலும் உடனே பதில் தரும் ஒன்றிடம் தமிழில் பேச வேண்டிய தேவை எங்கே இருக்கிறது? தேவை இல்லாத இடத்தில் மொழி நிலைக்காது. கட்டுரையை இயந்திரம் எழுதித் தந்துவிடும் காலத்தில், ஆசிரியர் 'எழுதியதை எனக்குச் சொல்லு' என்று கேட்டு இரண்டு கேள்வி போடுவதைவிட நல்ல பரிசோதனையும் இல்லை. அங்கேயும் விடை பேச்சில்தான் இருக்கிறது.

தமிழ் ஆசிரியரே கிடைக்காத ஊர்களில் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. அங்கே கருவி வரம்தான். 2001இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய நிறுவனம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக, கடல்கடந்த தமிழருக்குப் பாடங்களையும் நூலகத்தையும் கொண்டுசேர்க்கிறது. பள்ளியில் தமிழ் இல்லாத ஐரோப்பிய நகரத்துப் பிள்ளைக்கு அது கைகொடுக்கும். அங்கேயும் என் அளவுகோல் மாறாது. பாடத்தைத் திரையில் படிக்கட்டும், படித்ததை வாரம் ஒருமுறை இன்னொரு ஊரில் அதே பாடம் படிக்கும் பிள்ளையோடு இணையவழி பேசட்டும். திரையே தொலைவை அழிக்கும்போது அதை நான் எதிர்க்க மாட்டேன். பிள்ளைகளுக்குத் திரைதான் பிடிக்கிறது, திரை இல்லாவிட்டால் தமிழைப் பழைய சரக்காக நினைப்பார்கள் என்ற வாதத்தைத்தான் ஏற்க முடியவில்லை. திரையில் தமிழைவிட நூறு மடங்கு கவர்ச்சியோடு ஆங்கிலம் இருக்கிறது. அந்தக் களத்தில் போட்டியிட்டுத் தமிழ் வெல்லாது. தமிழால் மட்டுமே கிடைக்கக்கூடியது மனித உறவு. நம் பலம் அங்கே இருக்கிறது.

கருவியை எதிர்ப்பது தமிழாசிரியர்களின் பழக்கம் என்று சிலர் சொல்வதுண்டு. வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. இணையத்தில் தமிழ் எழுத்துகள் தோன்றிய தொடக்க நாட்களில் அதற்காக உழைத்தவர்களில் முன்னோடி, சிங்கப்பூரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த தமிழ் விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி. 'கணியன்' மென்பொருளை உருவாக்கிய அவர், 1997இல் இங்கே நடந்த முதல் தமிழ் இணைய மாநாட்டுக்கும் முன்நின்றார். வகுப்பறையின் தேவை தெரிந்தவர் கருவியைத் தேடிப்போனார். இன்று பல இடங்களில் வரிசை தலைகீழாகிவிட்டது: கருவி முதலில் வாங்கப்படுகிறது, அதற்கு ஒரு பயனைத் தேடும் வேலை ஆசிரியர் தலையில் விழுகிறது. தமிழ்நாட்டில் திறன்பலகைகள் வாங்கும் பள்ளிகளுக்கும், டொரண்டோவிலும் லண்டனிலும் நிதி திரட்டும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். வாங்குவதற்கு முன் ஆசிரியரிடம் கேளுங்கள். இதனால் என் வகுப்பில் பேச்சு கூடுமா என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லட்டும். கூடாது என்றால் அந்தப் பணத்தில் இன்னொரு ஆசிரியரை அமர்த்தி வகுப்பைச் சிறிதாக்குங்கள்.

கடைசியாக, ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் அத்தை மாமாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கைப்பேசியில் இருக்கும் காணொளி அழைப்புதான் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த தமிழ்க் கருவி. வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பேரப்பிள்ளையை வாரம் இரண்டு முறை அழையுங்கள். 'சாப்பிட்டாயா' என்பதோடு நிறுத்திவிடாமல், அன்று பள்ளியில் நடந்ததைக் கேளுங்கள். உங்கள் தெருவில் நடந்ததைச் சொல்லுங்கள். பிள்ளை திணறும்போது நீங்கள் ஆங்கிலத்துக்குத் தாவாதீர்கள், பொறுத்திருங்கள். அதன் தமிழைக் கேட்டுத் தயவுசெய்து சிரிக்காதீர்கள். எந்தச் செயலி நல்லது என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால், 'நாங்கள் இருக்கிறோம், எங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள்' என்று பதில் சொல்லுங்கள்.