சராசரி வெளிச்சம்

சோவியத் நாட்டில் 1965இல் உற்பத்தியாகத் தொடங்கிய 'செனிற்-ஈ' வகைப் புகைப்படக் கருவியொன்று என்னிடம் உண்டு. அதன் செலினியம் ஒளிமானி செயலிழந்துவிட்டது. வில்விசையால் இயங்கும் ஷட்டரோ இன்றும் பழுதற்றது. நல்ல வெயிலில், 100 வேகப் படச்சுருளுக்கு 1/125 விநாடி, துவாரம் 16 என்ற பழைய விதியே எனக்கு வழிகாட்டி.

இத்தகைய ஒளிமானி காட்சி முழுவதையும் சராசரியாக்கியே அளக்கும். வெள்ளைச் சீருடையணிந்த எம் மாணவரை அதன் கணக்கின்படி படமெடுத்தால் சீருடை சாம்பல் நிறமாகும்; கறுத்த முகங்கள் இருளில் மறையும். அம்முகங்களைப் பார்த்து, துவாரத்தை 11க்கு அகலத் திறந்து, ஒளியை இருமடங்காக்குவது மனிதக் கண்ணே.

சமுதாயத்திலும் சராசரி வருமானக் கணக்குகள் வறியவனின் முகத்தை இவ்வாறே மறைக்கின்றன. கருவியை நாம் வெறுக்கவேண்டியதில்லை. அது எதை அளக்கிறது, எவரை மறைக்கிறது என்று கேட்கக் கற்போம், மாணவருக்கும் கற்பிப்போம்.