ஒரு மணித்தியாலக் கணக்கு

2025 மார்ச் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்கும் திருச்சிக்கும் இடையில் இண்டிகோ விமானம் பறக்கத் தொடங்கியது. மறுநாள் நோன்புப் பெருநாள். பெருநாள் முடிந்து பள்ளிக்கூடம் போனதும், தரம் பத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து அதையே புவியியல் பாடமாக்கினோம்.

அட்லஸில் நூல் வைத்து அளந்தோம். பலாலியிலிருந்து திருச்சிக்கு நேர்கோட்டில் சுமார் 180 கிலோமீற்றர். கட்டுநாயக்கவிலிருந்து 420 அளவில். ஆனால் இரண்டுக்கும் பயண நேரம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான். யாழ்ப்பாணத்துக்கு வருவது காற்றாடி வைத்த சிறிய விமானம், வேகம் குறைவு. ஏறவும் இறங்கவும் எந்த விமானத்துக்கும் நேரம் வேண்டும்.

பிறகு மஸ்கெலியாவில் நூலை வைத்தோம். கட்டுநாயக்க நேர்கோட்டில் 85 கிலோமீற்றர்தான். கினிகத்தேன, கித்துல்கல, அவிசாவளை என்று வளைந்து இறங்கிப் போய்ச் சேர ஐந்து மணித்தியாலமாவது வேண்டும். பலாலிக்கு ரோட்டில் 400 கிலோமீற்றருக்கு மேல், ஓர் இரவுப் பயணம். திருச்சிக்குக் கிட்ட இருக்கிற விமான நிலையம்தான் எங்களுக்கு எட்ட!

அப்போது ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டான்: "சேர், அப்ப எங்க அப்பாயி ஒரு மணித்தியாலத்துல தங்கச்சிய பாத்துருமா?"

அப்பாயியின் தங்கை ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் போனவர். 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவானது. ஒரே லயத்துக் குடும்பங்கள் இரண்டாகின. அட்டனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரம் போனார்கள். ஒப்பாரிக் கோச்சி என்று பெரியவர்கள் இன்றும் சொல்வது அந்த ரயிலைத்தான். யுத்தத்தோடு 1984இல் கப்பலும் நின்றது.

அடுத்த நாள் அவன் வந்து சொன்னான். "ஒரு மணித்தியாலம்" என்று கேட்டதும் அப்பாயி அன்று பின்னேரம் முழுக்க ஒன்றும் பேசவில்லையாம். இரவு சாப்பிடும்போதுதான், "அம்புட்டுத்தானா?" என்று மட்டும் கேட்டாராம். இத்தனை வருடமும் போகவே முடியாத தூரம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தவர்.

எங்களுக்குச் சங்கடமாகிவிட்டது. கணக்குப் பிழையில்லை, ஆனால் பாதிக் கணக்கு. மறுபடி போட்டோம். சாதாரண சேவையில் கடவுச்சீட்டு 10,000 ரூபாய். அன்றைக்குத் தோட்டத்தில் நாட்சம்பளம் 1350. ஏழு நாளுக்கு மேல் கொழுந்து பறிக்க வேண்டும். விசா, டிக்கட், பஸ் காசு வேறு.

காசைவிடப் பெரிய தடை பிறகுதான் தெரிந்தது. அப்பாயியின் பெயர் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. எப்போதோ யாரோ கேட்டு எழுதிய பெயர். திருத்த விண்ணப்பம் கொடுத்து எட்டு மாதமாகிறது. அவருக்கு வயது 78.

அந்தக் கணக்குத் தாள் இன்னும் வகுப்புச் சுவரில் இருக்கிறது. 'மொத்த நேரம்' என்ற இடத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், அந்தப் பிள்ளையே ஒருநாள் அதை நிரப்புவான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அப்பாயி, ஒரு தாத்தா இருந்தால், அவர்களுடைய பத்திரங்களை இன்றைக்கே எடுத்துப் பெயரைச் சரிபாருங்கள். விமானம் ஒரு மணித்தியாலத்தில் போய்விடும். எழுத்துப் பிழை திருத்தத்தான் காலம் பிடிக்கிறது.