நெறி கட்டினா எல்லாம் ஒண்ணு இல்லீங்க

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். மொக்கை போட்டுக்கிட்டு இருந்தவன் திடீர்னு சீரியஸ் ஆயிட்டானேன்னு நினைக்காதீங்க. கொஞ்சம் பொறுமையா படிங்க மக்கா.

எங்க சித்தப்பாவுக்குக் கச்சிராயபாளையம் பக்கம் கொஞ்சம் நெலம். கரும்பும் மரவள்ளியும் போடுவார். 2022 தீபாவளி சமயம் அவர் கழுத்துல நெல்லிக்காய் சைசுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. "நெறி கட்டியிருக்குடா, பல்லுல ஏதோ கோளாறு"ன்னு உப்புத்தண்ணி கொப்பளிச்சார். கால்ல முள்ளு குத்தினா தொடை இடுக்குல நெறி கட்டும், பல்லு சொத்தைன்னா தாடைக்குக் கீழ கட்டும். புண் ஆறினதும் அதுவும் வடிஞ்சிடும். இது வடியலை. சாயங்காலம் காய்ச்சல், ராத்திரி பனியன் நனையற அளவுக்கு வேர்வை. இடுப்புல வேட்டி நிக்காத அளவுக்கு இளைச்சுட்டார்.

ஒரு டாக்டர் பார்த்துட்டு டிபி நெறின்னார். சந்தேகப்பட்டதுல தப்பே இல்லை. கண்டமாலைன்னு நம்ம பாட்டிங்க சொன்னதுல பாதிக்கு மேல இதுவாத்தான் இருக்கும். காய்ச்சல், வேர்வை, இளைப்பு மூணும் டிபிக்கும் வரும். தப்பு எங்கேன்னா, கட்டியில இருந்து துளி சதைகூட எடுத்துப் பார்க்காம மாத்திரையை ஆரம்பிச்சது. ரெண்டு மாசம் போச்சு. கட்டி எலுமிச்சை சைசு ஆச்சு.

அப்புறம்தான் பாண்டிச்சேரி ஜிப்மருக்குக் கூட்டிக்கிட்டு ஓடினோம். ஊசி குத்தி எடுத்ததுல தெளிவா தெரியலை, கட்டியை முழுசா எடுத்துப் பார்க்கணும்னாங்க. சித்தப்பாவுக்குக் கோவம். "ஊசியில தெரியாதது கத்தியில என்னம்மா தெரியப் போவுது?"

டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க: "ஐயா, ஒரு நெல்மணியைக் கையில குடுத்து, வயல்ல நாத்து எப்படி நட்டிருக்குன்னு கேட்டா சொல்லுவீங்களா? வயலைப் பார்க்கணும்ல?"

மனுஷன் வாயை மூடிட்டார்.

ரிசல்ட்டுக்குக் காத்திருந்த பெஞ்சுல நம்ம பக்கத்து ஆளுங்க ரெண்டு பேர். ஒருத்தர் சங்கராபுரம் அக்கா. இன்னொருத்தன் கல்வராயன் மலையில வெள்ளிமலைக்கு அந்தாண்ட இருந்து வந்த 22 வயசுப் பையன். சாமை விதைக்கிற குடும்பம், அம்மா கூட வந்திருந்தாங்க. மூணு பேருக்கும் கழுத்துலதான் கட்டி. பார்த்தா வித்தியாசமே தெரியாது.

அக்காவுக்கு வந்தது நிஜமாவே டிபி. ஆறு மாசம் மாத்திரை, முடிஞ்சுது. பையனுக்கு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா. சித்தப்பாவுக்கு டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்ஃபோமா.

"எனக்குப் பேரெல்லாம் வேணாம்டா, எத்தனை நாள்னு மட்டும் கேட்டுச் சொல்லு"ன்னார் சித்தப்பா. அன்னிக்கு ராத்திரி உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். புரிஞ்சது இதுதான்: அந்தப் பேர்லதான் எல்லாமே இருக்கு.

ரத்தப் புற்றுநோய்னு நாம ஒரே வார்த்தையில சொல்றது பெரிய கூட்டம். எலும்பு மஜ்ஜையில ஆரம்பிச்சு ரத்தத்துல பரவுறது லுக்கேமியா. மஜ்ஜையில இருக்கற பிளாஸ்மா செல் கெட்டுப் போய் எலும்பையும் கிட்னியையும் பதம் பார்க்கறது மைலோமா. நெறியில, அதாவது நிணநீர்க் கணுவுல வர்றது லிம்ஃபோமா. இதுல மட்டும் 60 வகைக்கு மேல இருக்கு.

லண்டன் டாக்டர் தாமஸ் ஹாட்ஜ்கின் 1832ல விவரிச்சது ஒரு வகை. மைக்ராஸ்கோப்புல ஆந்தைக் கண்ணு மாதிரி ரெட்டைக் கரு தெரியற செல் இதோட அடையாளம். இள வயசுக்காரங்களுக்கு நிறைய வரும். நாலாவது ஸ்டேஜ்ல வந்தாக்கூட நிறைய பேருக்குக் குணமாகுது. மத்ததெல்லாம் ஹாட்ஜ்கின் அல்லாதவை. உகாண்டாவுல வேலை பார்த்த டெனிஸ் பர்கிட் 1958ல குழந்தைங்க தாடையில பார்த்து எழுதினது அசுர வேகத்துல வளர்ற வகை. ஃபாலிக்குலர்னு ஒண்ணு ஆமை வேகம், சிலருக்கு மருந்தே குடுக்காம வருஷக்கணக்குல கவனிச்சுக்கிட்டே இருப்பாங்க.

இதுல எனக்கு ஆச்சரியமா இருந்தது என்னன்னா, வேகமா வளர்ற வகைகள்ல பலதை மருந்தால அடியோட அழிக்க முடியும். மெதுவா வளர்றது அடங்கும், ஆனா பெரும்பாலும் திரும்ப வரும். சித்தப்பாவோடது வேகமான வகை. அதைச் சொன்னதும் முதல்ல பயந்தார். "குணமாக்கப் பார்க்கலாம்"னு டாக்டரம்மா சொன்னப்புறம்தான் சோறு இறங்கிச்சு. 21 நாளைக்கு ஒருமுறை மருந்து, ஆறு தடவை. அதுல ரிட்டுக்ஸிமாப்னு ஒண்ணு, பி செல்லைத் தேடிப் பிடிக்கிற மருந்து. பையனுக்கு அது கிடையாது. வேற நாலு மருந்து, ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை.

நாலாவது ஊசிக்கு அந்தப் பையன் வரலை. கட்டி கரைஞ்சு போச்சு, சரியாயிடுச்சுன்னு நினைச்சுட்டான். ஒவ்வொரு தடவையும் மலை இறங்கி, கள்ளக்குறிச்சி, விழுப்புரம்னு பஸ் மாறி வரணும். ஒரு நாள் கூலியும் போயிடும். சித்தப்பா தலையில முடியில்லாம, துண்டைக் கட்டிக்கிட்டு என் பைக்ல ஏறினார். கோமுகி அணையைத் தாண்டி, அத்தனை வளைவும் ஏறி அவன் வீட்டுத் திண்ணையில போய் உக்காந்தார்.

"தம்பி, உனக்கு வந்திருக்கிறது ஆச்கின்னு. இருக்கறதுலயே நல்லா குணமாகுற சாதி. கரைஞ்சது கட்டிதான், வேரு இல்ல. பாதியில விட்டா மறுபடி முளைக்கும்."

பேரே வேணாம்னு சொன்ன மனுஷன்! அவங்க அம்மா ஒண்ணும் பேசாம சாமைக் கஞ்சி கொண்டு வந்து வெச்சாங்க. அடுத்த வாரம் பையன் பஸ் ஏறிட்டான்.

ரெண்டு பேரும் இன்னிக்கு நல்லா இருக்காங்க. செக்கப்புக்குப் போய்க்கிட்டு இருக்காங்க.

உங்க வீட்டுல யாருக்காவது மூணு நாலு வாரமா வலியில்லாத கட்டி வடியாம இருந்தா, "சதை எடுத்துப் பார்த்தீங்களா?"ன்னு கேளுங்க. அதுக்கு முன்னாடி ஸ்டீராய்டு குடுத்தா கட்டி சுருங்கி, நோய் பிடிபடாமப் போகலாம். புற்றுநோய்னு சொன்னா அங்கயே உடைஞ்சு போயிடாம, "எந்த வகை?"ன்னு இன்னொரு கேள்வி கேளுங்க. முழுப் பேரையும் ஒரு சீட்டுல எழுதி வாங்கிக்கங்க. சித்தப்பா அந்தச் சீட்டை இன்னும் சட்டைப் பையில வெச்சிருக்கார்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பெஞ்சுல உக்காந்து கத்துக்கிட்டவன்.