நமது முதல் கார்

பள்ளிக்கூட உபாத்தியாயருக்குக் கார் எதற்கு? 2010-ம் வருஷத்தில் சேலத்தில் நமது தெருவை உலுக்கிய கேள்வி இது. "எதற்கு?" என்ற கட்சியில் தெரு முழுவதும் இருந்தது. நம் வீட்டு அம்மாளும் முதலில் அந்தக் கட்சிதான். எதிர்க்கட்சியில் நாமும் நமது தகப்பனாரும் மட்டுமே.

வாங்கியதோ பன்னிரண்டு வயது நிரம்பிய மாருதி 800. பாங்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அதைப் பெற்ற பெண்ணைப்போல் வளர்த்து நம்மிடம் ஒப்படைத்தார். அந்த வண்டியின் பிரதாபத்தை நேயர்கள் அறிவார்கள். 1983 டிசம்பரில் டில்லிக்கு அடுத்த குர்காவ்னிலிருந்து புறப்பட்டு, 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரையில், எத்தனையோ நடுத்தரக் குடும்பங்களுக்கு முதல் கார் அதுவே. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின், நாலு கியர். இன்று சில மோட்டார் சைக்கிள்களுக்கே அதைவிடப் பெரிய எஞ்சின் இருக்கிறது!

நம் தகப்பனார் தபாலாபீஸ் குமாஸ்தா. முப்பத்தைந்து வருஷம் சைக்கிளிலேயே காலம் தள்ளியவர். 2008-ல் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. அதன் பிறகு டவுன் பஸ்ஸின் முதற்படி அவருக்கு இமயமலையாகிவிட்டது. இரண்டு வருஷம் ஆஸ்பத்திரியைத் தவிர வேறிடம் அவர் பார்த்ததில்லை.

மாருதியின் ஆசனமோ தாழ்வானது. முன் ஆசனத்தைக் கடைசி வரையில் பின்னுக்குத் தள்ளிவிட்டால், அவர் முதலில் உட்கார்ந்துகொண்டு, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொள்வார். நாம் கை கொடுக்கப் போனால் கோபம் வரும். "கண்ணு, நீ வண்டியைப் பாரு!" என்பார்.

நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை முடிந்த மறு வாரமே ஏற்காட்டுக்குப் பிரயாணம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அவர் உரக்க எண்ணிக்கொண்டே வந்தார். பின்னால் இருந்த குழந்தைகள் வேண்டுமென்றே எண்ணைத் தப்பாகச் சொல்லி அவரோடு சண்டை பிடித்தார்கள்.

2013 ஆகஸ்டில் மேட்டூர் அணை 120 அடி நிரம்பியது. பத்திரிகையில் படித்த மாத்திரத்தில் சட்டையைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். 1934-ல் அணை திறந்த காலத்தில் அவருடைய தகப்பனார் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாராம். அந்தக் கதையை நாம் நூறு தடவையாவது கேட்டிருப்போம். சுமார் ஐம்பது கிலோமீட்டர் வழி நெடுகிலும் மறுபடி கேட்டோம்.

பதினாறு கண் மதகுகளில் வெள்ளம் நுரைத்து விழுந்துகொண்டிருந்தது. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி நின்றார். ஊன்றுகோல் வண்டியிலேயே கிடந்தது. அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை.

"போலாங்களாப்பா?" என்றோம்.

"எங்கப்பா சொன்னது அத்தனையும் நெசந்தான், கண்ணு" என்றார்.

திரும்பும்போது பெட்ரோலுக்கு எவ்வளவு ஆயிற்று என்று விசாரித்தார். பாதி விலை சொன்னோம். அதற்கே, "அடேயப்பா!" என்றார்.

2016-ல் அவர் காலமானார். மறு வருஷம் வண்டியை விற்றோம். வாங்க வந்த வாலிபர் தம் தாயாரையும் அழைத்து வந்திருந்தார். அந்த அம்மாள் சற்றுக் குள்ளம். முன்னால் உட்கார்ந்ததும், "ஏங்க, இந்த சீட்டு ஏன் இவ்வளவு பின்னால இருக்குது?" என்று கேட்டார்கள். வாலிபர் குனிந்து அதை முன்னுக்கு இழுத்தார். ஏழு வருஷம் அசையாதிருந்த ஆசனம், இரண்டு மூன்று தடவை இழுத்த பிறகே நகர்ந்தது.