ஏழு மதிப்பெண்

சி.ஏ. இண்டர் தேர்வு இப்போது வருடத்துக்கு மூன்று முறை நடக்கிறது. முன்பெல்லாம் மே, நவம்பர் என்று இரண்டே தடவைதான். வாய்ப்பு கூடியிருக்கிறது, நல்லதுதான். ஆனால் வீட்டில் சோறு இறங்காத நாட்களும் இரண்டிலிருந்து மூன்றாகிவிட்டன. ரிசல்ட் வந்த மறுநாள் எனக்கு ஓரிரண்டு போனாவது வரும். "பையன் மறுபடியும் போயிட்டான் சார், நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்பார்கள். அந்த ரெண்டு வார்த்தையைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் நீட்டி எழுதப் போகிறேன்.

என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்றால், நான் ஐ.சி.டபிள்யு.ஏ. இண்டர் தேறியது நாலாவது தடவையில். இது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். முதல் தடவையிலேயே தேறியவரிடம் போய் இதையெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள்.

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஜங்ஷனும் பழமலைநாதர் கோயிலும் நினைவுக்கு வரும். உள்ளூரில் எங்களுக்குப் பீங்கானும் உண்டு. பக்கத்திலே நெய்வேலி. பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது கிடைக்கிற வெள்ளைக் களிமண்ணை நம்பித்தான் இந்த ஊரில் பீங்கான் தொழில் வந்தது. தொழிற்பேட்டை, அதில் சின்னச் சின்னக் கம்பெனிகள், செராமிக்குக்கென்றே அரசாங்கம் நடத்தும் டிப்ளமோ படிப்பு என்று ஊருக்கு ஒரு அடையாளம் கிடைத்தது. அப்படி ஒரு சின்னக் கம்பெனியில்தான் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், ஊறுகாய் ஜாடி, கார்த்திகை வந்தால் அகல் விளக்கு. பகலில் பேரேடு, இரவில் தபாலில் வந்த ஐ.சி.டபிள்யு.ஏ. பாடம். தேர்வுக்கு ரயிலேறிச் சென்னை போய்வர வேண்டும். மூன்று தடவை போய்வந்தேன். மூன்று தடவையும் தபால்காரர் ஒரே மாதிரிக் கடிதத்தைத்தான் கொண்டுவந்தார்.

எங்கள் கம்பெனியில் சூளை போர்மேன் ஒருவர் இருந்தார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். சூளை ஆறி, சரக்கை வெளியே எடுக்கும் நாளில் உடைசலை அப்படியே வாரிக் கொட்ட விடமாட்டார். ஒவ்வொன்றாக எடுத்து விரிசலின் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பார். கிளேஸ் விரிசலுக்குள் வழிந்து விளிம்பு மழமழவென்று இருந்தால், அது சூளைக்குப் போவதற்கு முன்னாலேயே, காயும்போது விட்ட விரிசல். விளிம்பு பிளேடு மாதிரிக் கூராக இருந்தால், சூளை ஆறும்போது விட்டது. விரிசலே இல்லாமல் உருவம் கோணிப்போயிருந்தால் சூடு அதிகம். மூன்றையும் மூன்று குவியலாகப் போடுவார். முதல் குவியல் பெரிதாக இருந்தால் அடுத்த தடவை பச்சைச் சரக்கை நிழலில் மெதுவாக உலர்த்தச் சொல்வார். இரண்டாவது பெரிதென்றால் சூளைக் கதவைத் திறக்க இன்னும் ஒருநாள் காத்திருப்பார். "உடைஞ்சதுதானே சார் எதை மாத்தணும்னு சொல்லுது? அதைப் போயி கண்ணு தெரியாம கொட்டிட்டா?" என்பார்.

காஸ்டிங் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பிராசஸ் காஸ்டிங்கில் நார்மல் லாஸ் என்று ஒன்று உண்டு. எந்தத் தொழிலிலும் இவ்வளவு சேதம் இருக்கும் என்று முன்கூட்டியே எதிர்பார்ப்பது. அந்தச் செலவு நல்ல சரக்கின் விலையில் ஏறிவிடும். அதற்கு மேல் போனால் அப்நார்மல் லாஸ். அதைத் தனியே பிரித்து காஸ்டிங் லாப நஷ்டக் கணக்குக்குக் கொண்டுபோவோம். முதலாளியின் கண்ணில் அது பட வேண்டும், காரணம் கேட்க வேண்டும், அதற்காகத்தான் பிரிப்பது. நாலாவது தடவைக்குப் படிக்க உட்கார்ந்தபோது என் மூன்று மார்க் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குவியல் பிரித்தேன். அதன் பிறகு தேறினேன்.

இப்போது பக்கத்து வீட்டுப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். அப்பா தொழிற்பேட்டையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு செய்பவர். பீஸ் ரேட் கூலி. பி.காம். முடித்துவிட்டுச் சி.ஏ. இண்டர் முதல் குரூப்பை எழுதியிருந்தாள். போன வருடம் ஜனவரியில் ஒருமுறை, மே மாதம் இன்னொருமுறை. இரண்டும் போய்விட்டது. "போதும் சார். பேங்க் பரீட்சை எழுதட்டும், இல்லேன்னா மாப்பிள்ளை பார்க்கறேன்" என்று அப்பா என்னிடம் வந்து சொன்னார். கோபமெல்லாம் இல்லை. கடன் இருந்தது.

நான் முதலில் அவருக்கு ஆர். சிவபோகத்தைப் பற்றிச் சொன்னேன். நம் சென்னைக்காரர். 1933இல் கணக்காளர் தேர்வில் தேறி இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் ஆனவர். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர்கள் பதிவு செய்துகொள்ள முடியாது என்று அப்போது இருந்த விதியை எதிர்த்துப் போராடி ஜெயித்துத் தொழிலுக்கு வந்தவர். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அதற்கு மேல் அந்தக் கதை வேலை செய்யவில்லை. பெரியவர்கள் வரலாறு கேட்க நன்றாக இருக்கும். அடுத்த மாத வட்டிக்கு அது பதில் ஆகாது.

பிறகு மார்க் ஷீட்டைக் கொண்டுவரச் சொன்னேன். அக்கவுண்ட்ஸ் 61. சட்டம் 38. வரி 44. மொத்தம் 143.

விதி இதுதான்: ஒவ்வொரு தாளிலும் 40 வேண்டும், குரூப் மொத்தத்தில் பாதி, அதாவது 300க்கு 150 வேண்டும். அவள் இரண்டிலும் தவறியிருந்தாள். ஆனால் குரூப்பின் எல்லாத் தாளையும் எழுதி ஒரு தாளில் 60 அல்லது அதற்கு மேல் வாங்கினால் அந்தத் தாளுக்கு அடுத்த மூன்று தேர்வுகளுக்கு விலக்கு உண்டு. அந்த மதிப்பெண்ணும் கணக்கில் நிற்கும். அப்படியானால் 61 கையில் இருக்கிறது. 150இல் 61 போக 89. அதை இரண்டே தாளில் எடுக்க வேண்டும். ஏற்கெனவே எடுத்தது 38ம் 44ம், 82. மிச்சம் ஏழு.

அவளுக்கே இது தெரியாது. ரிசல்ட் பக்கத்தில் ஃபெயில் என்று பார்த்ததோடு மூடிவிட்டாள். நான் காகிதத்தில் போட்டுக் காட்டியதும் அப்பாதான் முதலில் பேசினார். "ஏழு பீஸ் உடைஞ்சா சூளையை மூடிடறோமா சார்?" என்றார். அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. செப்டம்பர் வரைக்கும் டைம் கொடுத்தார்.

அடுத்து அந்த ஏழு எங்கே போனது என்று பார்க்க வேண்டும். பணம் கட்டினால் எழுதிய விடைத்தாளின் நகலை இன்ஸ்டிடியூட்டே அனுப்புகிறது. சட்டத் தாளை வாங்கினோம். படித்துப் பார்த்தால், பெண்ணுக்குச் சட்டம் தெரிந்திருக்கிறது. கேள்வியைப் படித்ததும் முடிவைச் சரியாக எழுதிவிடுகிறாள்: "கம்பெனி செய்தது செல்லாது." அதோடு நிறுத்திக்கொள்கிறாள். சட்டம் என்ன சொல்கிறது, கேள்வியில் நடந்தது அதற்கு எப்படிப் பொருந்துகிறது, அப்புறம் முடிவு என்று மூன்று படியாக எழுதினால்தான் மதிப்பெண். கடைசி இரண்டு கேள்விகளுக்கு நேரமே இல்லை. வரியில் கதை வேறு. சீனியர் ஒருவர் கொடுத்த பழைய புத்தகம். வரிச் சட்டம் வருடாவருடம் மாறுகிறது; எந்தத் தேர்வுக்கு எந்த நிதிச் சட்டம் பொருந்தும் என்று இன்ஸ்டிடியூட் அறிவித்துவிடுகிறது. புத்தகம் அதற்குப் பின்தங்கி இருந்தது. ஆக, இரண்டு தாளுக்கும் இரண்டு விதமான விரிசல். "இன்னும் ரெண்டு மணி நேரம் அதிகமாப் படி" என்று சொல்லியிருந்தால் இரண்டுமே சரியாகியிருக்காது.

செய்த மாற்றங்கள் சாதாரணமானவைதான்.

படிக்கும் நேரத்தைப் பாதியாக்கி, மீதிப் பாதியில் புத்தகத்தை மூடிவைத்து எழுதினாள். இதற்கு ஆராய்ச்சியும் உண்டு. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வகை, ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்கள் இன்னொரு வகை. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள் முன்னால். நமக்குத் தேர்வு ஐந்து நிமிஷம் கழித்து வருவதில்லையே.

இரண்டாவது, கடிகாரம். மூன்று மணி நேரம், நூறு மதிப்பெண். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஒன்பது நிமிஷம். ஒன்பதாவது நிமிஷம் எழுதிக்கொண்டிருக்கும் வரியோடு அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். முதலில் அழுதாள், இரண்டு வாரத்தில் கை பழகிவிட்டது.

மூன்றாவது, தாளில் 30 மதிப்பெண் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். இண்டரில் தப்பாகக் குறித்தால் கழிப்பது இல்லை. ஒன்றைக்கூடக் காலியாக விடக் கூடாது.

நாலாவது, இன்ஸ்டிடியூட் வெளியிடும் மாதிரித் தாளை எழுதிவிட்டு, அவர்களே தரும் விடையோடு வரிக்கு வரி ஒப்பிட்டுத் தானே சிவப்பு மையில் திருத்துவது. எல்லாம் இணையத்தில் இலவசம்.

மனசைத் தளராமல் வைத்துக்கொள்வது எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். அதற்கென்று தனியாக மருந்து கிடையாது. ரிசல்ட் வந்த வாரம் புத்தகத்தைத் தொட வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். அழுவதற்கும் தூங்குவதற்கும் ஒரு வாரம் வேண்டும். அதற்குப் பிறகு எண்ணக்கூடிய ஒன்றைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பெண் தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் அன்றைக்கு எத்தனை விடை எழுதினாள் என்று குறித்து ஒரு ஆணியில் குத்தி வைத்தாள். அப்பா வேலை முடிந்து வந்ததும், கால் கழுவுவதற்கு முன்னால், "இன்னிக்கு எத்தனை பீஸும்மா?" என்று கேட்பார். "ஆறுப்பா." "நேத்து எட்டாச்சே?" அவ்வளவுதான் பேச்சு. "பாஸாயிடுவியா?" என்று மட்டும் அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் தொடர்ந்து எழுதியே ஆக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. என்னோடு ரயிலேறிச் சென்னை வந்த நண்பர் ஒருவர் இரண்டாவது கடிதத்தோடு நிறுத்திவிட்டு முந்திரி வியாபாரத்துக்குப் போனார். என்னைவிட நன்றாகவே வாழ்ந்தார். உடைசலைப் பிரித்துப் பார்த்துவிட்டு நிறுத்துவது முடிவு. பார்க்காமலே நிறுத்துவதுதான் பிற்பாடு உறுத்தும். தடவைக்குத் தடவை மதிப்பெண் ஏறுகிறதா, இந்த வேலைமேல் ஆசை மிச்சம் இருக்கிறதா, வீடு எத்தனை நாள் தாங்கும் என்ற மூன்றையும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் பதில் தானே வரும்.

செப்டம்பரில் அவளுக்குச் சட்டம் 47, வரி 46. பழைய 61ஐச் சேர்த்து 154. முதல் குரூப் முடிந்தது. இரண்டாவது குரூப்பும் தேறினால்தான் ஆர்டிக்கிள்ஷிப்பில் சேர முடியும். சம்பளம் என்று பேசுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. கடனும் அப்படியே இருக்கிறது. ஆனால் மாப்பிள்ளைப் பேச்சு இப்போது இல்லை.

அந்தக் குரூப்பில் காஸ்டிங் ஒரு தாள். சனிக்கிழமை சாயங்காலம் நோட்டோடு வருகிறாள். போன வாரம் பிராசஸ் காஸ்டிங் ஆரம்பித்தோம். "தாத்தா, அஞ்சு பர்சென்ட் உடையும்னு முன்னாடியே எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அதை உங்க அப்பாகிட்டேயே கேளும்மா என்று சொல்லியிருக்கிறேன்.